பலகைக்கு ஆணி வேண்டாம்
(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் நாட்டைப் பற்றியோ நிலவைப் பற்றியோ எழுதுவர். நான் கதவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். ‘இவனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?’ என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நாரணாபுரத்தில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவன் நான். என் அன்னையார் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குச் செல்பவர். எங்கள் வீட்டின் இவ்விரு தொழில்களும் சந்திக்கும் இடம் ஒரு கதவு.

ஓர் ஐப்பசி மாதத்து மாலை. மூன்று நாள் அடைமழை. குச்சி அடைக்கும் அறையில் பன்னிரண்டு பெண்கள் வேலை முடித்து எழுந்தனர். கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. தாழும் இல்லை, பூட்டும் இல்லை. மழையில் ஊதிப்போன பலகைகள் நிலையோடு இறுகிக் கிடந்தன. இரண்டு பேர் தோள் கொடுத்து இடித்தனர். வெளியிலிருந்து ஒருவர் இழுத்தார். நான்கைந்து நிமிடம் கழித்துத் திறந்தது. அன்று தீ ஏதுமில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினர். என் அன்னையார் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டனாரிடம் வந்து, “மாமா, அந்தக் கதவை என்னன்னு ஒரு தடவை வந்து பாருங்க” என்றார்.

பாட்டனார் சென்று பார்த்தார். நானும் உடன் சென்றேன். அகலப் பலகைகளை நெருக்கமாகச் சேர்த்து, பின்புறம் குறுக்குக் கட்டைகளை வைத்து ஆணியடித்த கதவு அது. “ஆசாரியாரே, ஓரத்தை ரெண்டு இழைப்பு இழைச்சு விட்டாப் போதும்” என்றார் கணக்கப்பிள்ளை. பாட்டனார் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. “இப்ப இழைச்சா பங்குனியில விரல் போற சந்து விழும்யா. அப்ப என்னையத்தான் ஏசுவீங்க. கோளாறு ஓரத்துல இல்ல, கதவு செஞ்ச விதத்துல இருக்கு” என்றார்.

கோடையில் இரும்பு நீளும், ஆகவே தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விடவேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே படித்திருக்கிறோம். தேர்விலும் எழுதியிருக்கிறோம். நம் கை அன்றாடம் படுகிற மரக்கதவு எதனால் நெளிகிறது என்று எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. பேராசிரியப் பெருமக்கள் இதைக் குறையாகக் கொள்ளலாகாது. கேட்காதது என் பிழையே.

மரத்தை அசைப்பது வெப்பத்தைவிட ஈரமே. வெட்டிய மரம் காயும்போது, அதன் ஈரம் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பின்னர்தான் சுருங்கத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு காற்றின் ஈரம் ஏறும்போது விரிவதும் இறங்கும்போது சுருங்குவதும் அம்மரத்தின் ஆயுள் முழுதும் நிகழும். வர்ணம் பூசினால் இது மெதுவாக நிகழும், நிற்காது. வியப்பு என்னவென்றால், நார் ஓடும் நீளவாட்டில் மரம் அனேகமாக மாறுவதேயில்லை. மாறுவதெல்லாம் அகலத்தில்தான். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் ஓர் அளவு, வளையங்களைக் குறுக்கே வெட்டும் போக்கில் பெரும்பாலும் அதில் ஏறத்தாழப் பாதி. மிக அடக்கமான மரம் என்று பெயரெடுத்த தேக்கே பச்சை நிலையிலிருந்து முழுதும் காயும்போது ஒரு போக்கில் 5.8 விழுக்காடும் மறுபோக்கில் 2.5 விழுக்காடும் சுருங்கும்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெயிலுக்கும் மழைக்கும் இடையில் மரத்தின் ஈரம் நான்கு விழுக்காடு ஏறுவதாகக் கொள்வோம். 90 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகைக் கதவு சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். நிலையில் அவ்வளவு இடமேது? கதவு பூட்டிக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்!

சட்டக்கதவின் அருமை இங்கேதான் புலப்படுகிறது. சுமார் 10 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு நெட்டுச்சட்டங்கள், அவற்றைத் துளையும் கழுந்துமாக இணைக்கும் குறுக்குச்சட்டங்கள், நடுவில் பலகைகள். குறுக்குச்சட்டத்தின் நார் கதவின் அகலவாட்டில் ஓடுவதால் அது நீளாது. விரிவதெல்லாம் ஓரத்து நெட்டுச்சட்டங்கள் இரண்டும்தான். இரண்டும் சேர்ந்து 20 சென்டிமீட்டர், ஆகவே ஒன்றரை மில்லிமீட்டர். ஏழு எங்கே, ஒன்றரை எங்கே? நடுப்பலகைகளும் விரியத்தான் செய்யும், 30 சென்டிமீட்டர் பலகை இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் அவை சட்டத்தின் காடிக்குள்ளேயே விரிந்து, காடிக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும். வெளியே நிற்கும் நமக்குத் தெரியாது.

இதற்கு ஒரே நிபந்தனை, பலகையைக் கட்டிப் போடக்கூடாது. காடியில் பசை கூடாது. பலகையில் ஆணி கூடாது. பீடிங் வைத்தால் அதன் ஆணி சட்டத்தில் இறங்கவேண்டும், பலகையில் இறங்கலாகாது. கோடையில் செய்கிற கதவானால் காடியின் அடிக்கும் பலகைக்கும் நடுவே பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் விடவேண்டும். பலகைக்கு வர்ணத்தைக் கோர்ப்பதற்கு முன்பே அடித்துவிட வேண்டும். இல்லையேல் சுருங்கும் நாளில் ஓரத்தில் வெள்ளைக்கோடு தெரியும். கதவின் அடி விளிம்புக்கும் வர்ணம் அடிக்கவேண்டும். (இதை யாரும் செய்வதில்லை. கண்ணாடியை வைத்துப் பாருங்கள், நம் விடுதிக் கதவுகளின் அடியெல்லாம் வெறும் மரம்.)

நம் வட்டாரத்துக்கு இது புதிய பாடமும் அன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததை அறியாதார் இங்கு இல்லை. அத்தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு இம்மண்ணின் வறட்சியும் ஒரு காரணம் என்பர். ஈரத்தைப் பகையென்று கருதி மருந்தையும் குச்சியையும் காக்கிறோம். அச்சகத்தாரைக் கேளுங்கள்: தாளுக்கும் நார்ப்போக்கு உண்டு, மழைக்காலத்தில் தாள் குறுக்குவாட்டில் விரிந்து காலண்டர்ப் படத்தில் வண்ணம் விலகும் என்று அவர்கள் சொல்வார்கள். குச்சிக்கும் தாளுக்கும் காட்டுகிற கவனத்தைக் கதவுக்கு மட்டும் காட்ட மறுப்பது ஏன்?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பிறந்தபோதே, ஆட்கள் உள்ளே இருக்கையில் வெளியேறும் கதவை உடனே திறக்க முடியாதபடி பூட்டவோ தாழிடவோ கூடாது என்றும், தள்ளுகதவு தவிர மற்றவை வெளிப்புறம் திறக்கவேண்டும் என்றும் அதில் எழுதினார்கள். நல்ல விதி. ஆனால் முதலாளி போடும் பூட்டைத் தடுத்த விதி, மழை போடும் பூட்டைத் தடுக்குமா?

‘இரும்புக் கதவோ பிளாஸ்டிக் கதவோ போட்டால் தீர்ந்தது’ என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் வாதிட்டார். வீட்டுக்குச் சரி. வெடிமருந்து புழங்கும் அறையிலோ, பொறி பறக்கும் என்பதால் உள்ளே இரும்பு வெளித்தெரியவே கூடாது என்பது விதி. பிளாஸ்டிக் தீயில் என்னாகும் என்பதைத் தோழரே யோசிக்கட்டும். ஒட்டுப்பலகைக் கதவில் தகடுகளை நார் மாற்றி மாற்றி ஒட்டுவதால் அசைவு குறைவுதான். அடியில் தண்ணீர் ஏறினால் தகடு பிரிந்துவிடும். ஒழுங்காகச் செய்த சட்டக்கதவுக்குக் கூலி கூடுதல், நாளும் கூடுதல். ஆபீஸ்காரர்கள் பின்வாங்குவது அதனால்தான், மரத்தினால் அன்று.

அந்தத் தீப்பெட்டி ஆபீசுக்குப் பாட்டனார் வைகாசியில் சட்டக்கதவு செய்து மாட்டினார். ஆனி மாதமே புகார் வந்தது. காற்றடித்தால் பலகை லொடலொடவென்று ஆடுகிறதாம். ஆசாரி வேலையில் சோம்பிவிட்டாராம்! “ஆடட்டும்யா, அதுக்குத்தான் விட்டிருக்கேன்” என்று சொல்லியனுப்பினார். கேட்டார்களா? யாரோ ஒருவர் ஒரு பலகையின் இரு ஓரத்திலும் நான்கு ஆணிகளை இறக்கிவிட்டார். ஐப்பசியில் அந்தப் பலகை வயிறு தள்ளியது. மறு பங்குனியில் நடுவே மேலிருந்து கீழாக வெடித்தது. ஆணி படாத மற்றப் பலகைகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

பாட்டனார் குறடு எடுத்துச் சென்று நான்கு ஆணிகளையும் பிடுங்கிவிட்டு வந்தார். வெடித்த பலகையை மாற்றக் காசு கேட்டதற்கு, “அடுத்த வருசம் பாப்போம்” என்றார்கள். அதன் பின் வந்த மழைக்காலம் முழுதும் கதவு ஒரு கையால் தள்ளத் திறந்ததாக அன்னையார் கூறுகிறார். அதே ஆபீசில் இன்னும் மூன்று அறைகளுக்குப் பழைய ஆணிக்கதவுகளே நிற்கின்றன. விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறோம். ஐப்பசிக்குள் பதில் வரவேண்டும்.