மூச்சை எண்ண ஒரு நிமிடம்

நோயாளியின் சார்ட்டில் அதிகமாகப் பொய் சொல்லும் எண் எது? அனுபவமுள்ள நர்ஸைக் கேட்டால் மூச்சு எண்ணிக்கை என்பார். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், பி.பி.க்கு ஒரு கருவி. நாடித்துடிப்பை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே காட்டிவிடும். மூச்சை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து மனிதர்தான் எண்ண வேண்டும். அதனால்தான் கட்டிலுக்குக் கட்டில் 20, 20, 20 என்று எழுதிக்கொண்டே போகும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 20 என்று போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

வேறு ஊரில் எப்படியோ, வடசென்னை ராயபுரத்தில் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள மருத்துவமனைகளில் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவர்களுக்கு இந்தப் பழக்கம் தொற்றவே கூடாது. இது மூச்சால் அடிபட்ட வட்டாரம். உயர் நீதிமன்றம் தலையிட்டு 2011-ல் நிறுத்தும் வரை, சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசி ராயபுரம் வீடுகளின் மொட்டை மாடியில் படிந்தது. கரி இறக்கும் வேலை எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அந்தத் தூசியைச் சுவாசித்த நுரையீரல்கள் இங்கேயேதான் இருக்கின்றன. 2020-ல் கொரோனா பரவியபோது சென்னையில் முதலில் திணறிய மண்டலங்களில் ராயபுரமும் ஒன்று.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இங்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். அமோனியா ஈரத்தோடு சேர்ந்து எரிக்கும் வாயு. கண்ணைக் குறைந்தது கால் மணி நேரம் தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவியதும் ஆள் தேறிவிட்டது போலத் தெரியலாம். ஆனால், அதிகமாகச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கக்கூடும். மாஸ்க்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் அளவைச் சாதுவாக 97 என்று காட்டிக்கொண்டிருக்கும். மூச்சு 18-லிருந்து 24, 24-லிருந்து 28 என்று ஏறுவதைப் பார்த்தவருக்குத்தான் விபரீதம் புரியும். பிரிட்டன் மருத்துவமனைகளில் 2012-ல் கொண்டுவந்த எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டாலே உச்ச மதிப்பெண் 3. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. “உங்க மூச்சை எண்ணப் போறேன்” என்று சொன்னால் நோயாளி மூச்சைச் சீராக்கிக்கொள்வார். அதனால் நாடி பார்த்த கையை விடாமல், மணிக்கட்டில் விரலை வைத்தபடியே கண்ணை மட்டும் மார்புக்கு மாற்ற வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சோம்பேறிக் கணக்கு. ஒரு மூச்சு தவறினால் நான்கு பிசகும். குழந்தைகளுக்கு முழு நிமிடம் கட்டாயம். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற வரம்பை எட்டினால் நிமோனியாவா என்று பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவிக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, தொழில். கேஸ் ஷீட்டில் ‘கூலி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஐஸ் ஃபேக்டரிக் கூலியா, கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவரா, கரி மூட்டை சுமந்தவரா? மூவருக்கும் இருமல் ஒன்றாக இருக்கலாம், காரணம் வேறு. ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்று நோயாளியிடம் கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி எழுதியது 1700-ல்.

இதையெல்லாம் மாணவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. நடப்பு எப்படி என்பது அரசு மருத்துவமனையில் உறவினரோடு ஒரு ராத்திரி தங்கியவருக்குத் தெரியும். நாற்பது கட்டில் என்றால் மூச்சை எண்ணவே நாற்பது நிமிடம். முடியாத இடத்தில் ஸ்டூடன்ட்டை அனுப்புகிறார்கள். அவர் சீனியரிடம் கற்றுக்கொள்வது “20 போடும்மா” என்பதைத்தான். 2015-ல் தமிழக அரசு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுத்த நர்ஸ்கள், இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி பொய்த்ததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவத் துறை இயக்குநரக) வளாகத்தில் போராட வேண்டியிருந்தது. கொரோனா வார்டுகளுக்கு எடுத்தவர்களின் ஒப்பந்தம் 2022 கடைசி நாளோடு முடிந்தது என்றார்கள்.

ஆசிரியரும் மாணவரும் ஒரே நோயாளியின் மூச்சை ஒரே நேரத்தில் எண்ணி, இருவர் கணக்கும் ஒத்துப்போன பிறகே அடுத்த கட்டிலுக்கு நகரட்டும். இதை நர்சிங் பள்ளிகள் நாளைக்கே தொடங்கலாம். காலிப் பணியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்புவது அரசின் வேலை; அடுத்த பேட்ச் வார்டுக்கு வருவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.