உறைக்குள் இருக்கும் ஈரம்



நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். அதற்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்வை ஜும்ஆ உரைகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சென்ற ஐப்பசி மழையில் அதே கேள்வி எங்கள் குடும்பத்திற்குள் வந்து நின்றது. தானியத்தின் இடத்தில் எலக்ட்ரிக் கிட்டார் தந்திகள் இருந்தன.

என் மனைவியின் தம்பி புதுக்கடையில் ஒரு சிறு கடை நடத்துகிறார். கைப்பேசி உதிரிகள், மைக், ஒலிபெருக்கி ஒயர்கள் ஆகியவற்றோடு கிட்டார் தந்திகளும் அங்குண்டு. டிசம்பர் நெருங்கும்போது நம் பகுதியின் தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்து இளைஞர்கள் தந்தி தேடி வருவார்கள். மார்த்தாண்டம் வரை போகாமல் இங்கேயே வாங்குவது அவர்களுக்கு வசதி. அந்தப் பருவத்தை எண்ணி, செட் ஒன்று 260 ரூபாய் வீதம் 60 செட்டுகளை வரவழைத்தார். பெட்டி மழையில் ஊறி வந்து சேர்ந்தது. உலர வைத்தபின் மேலட்டைகள் பார்வைக்குக் குறையின்றித் தெரிந்தன. ஐயத்தின் பேரில் எட்டைத் திறந்து பார்த்தார். ஐந்தில் மெல்லிய தந்திகளின் மேல் பழுப்புப் புள்ளிகள். உள்ளுறையின் ஓரம் சரியாக ஒட்டப்படாமல் பிளந்திருந்ததே காரணம்.

அனுப்பியவரைத் தொலைபேசியில் அழைத்தார். திறந்த உறைகளைத் திரும்பப் பெற முடியாது, திறக்காதவற்றில் குறை இருப்பதாகச் சொல்லவும் முடியாது என்று பதில் வந்தது. அன்றிரவு அவர் என்னிடம் கேட்டார்: "மச்சான், மீதி 52 செட்டையும் திறக்காமலே விற்றால் அது பொய்யாகுமா? உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாதல்லவா?"

இக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. 15,600 ரூபாய் ஒரு சிறு கடைக்குச் சிறு தொகையன்று. மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவும் அந்தக் கடையிலிருந்துதான் வர வேண்டும்.

மேலே செல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கிட்டார் தந்தி விற்பதே கூடுமா என்று வாசகர்களில் சிலர் கேட்பீர்கள். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் தந்தி வாத்தியங்களைத் தடுத்திருக்கிறார்கள். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் போன்றோர் அத்தடைக்குக் காட்டப்படும் ஆதாரங்களை ஏற்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் அல்கிந்தீ, ஊத் என்னும் நரம்புக் கருவியின் தந்திகள் எதனால் ஆக வேண்டும் என்பதைக் குறித்தே எழுதியிருக்கிறார். அந்தக் கருத்து வேறுபாட்டைத் தீர்க்க நான் ஆலிம் அல்லன். அவரவர் தாம் நம்பும் அறிஞரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால், "இது வெறும் பாட்டுக் கம்பிதானே, இதில் என்ன நேர்மை பார்ப்பது" என்று உறவினர் ஒருவர் சொன்னதை மட்டும் ஏற்க இயலாது. பொருளைக் குறித்து இரு கருத்து இருக்கலாம். மோசடியைக் குறித்து இல்லை.

தந்தியின் தன்மையைச் சற்று அறிந்தால்தான் உறையின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். எலக்ட்ரிக் கிட்டாரின் உடலில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் பொருத்தப்பட்டிருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து மின்னலை பிறக்கிறது. எனவே தந்தி காந்தத்திற்கு இசையும் உலோகமாக இருக்க வேண்டும். எஃகு உள்கம்பியின்மேல் நிக்கல் பூசிய எஃகைச் சுற்றியவையே மிகுதியாகப் புழங்குகின்றன. சாதாரண கிட்டாருக்கான வெண்கலச் சுற்றுத் தந்திகளை இதில் மாட்டினால் ஓசை வலுவின்றியும் ஒழுங்கின்றியும் வரும். விவரமறியாத பிள்ளை முதலில் தவறுவது இங்கேதான். உறையின்மேல் எலக்ட்ரிக் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது கேஜ் என்று கடைக்காரர்கள் சொல்லும் தடிமன். 9-42, 10-46 என்னும் எண்கள் மிக மெல்லிய தந்தியும் மிகத் தடித்த தந்தியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கின்றன. 9 என்றால் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர், 10 என்றால் 0.25 மில்லிமீட்டர். விரல் நோகாமல் பழக விரும்புவோருக்கு 9-42 இலகு. சற்றுக் கனமான நாதமும் உறுதியும் வேண்டுவோர் 10-46 எடுப்பர். தந்தி அதிரும் நீளம் 25.5 அங்குலம் உள்ள கிட்டாரில் ஒரே தந்தி இறுக்கமாகவும், 24.75 அங்குலம் உள்ளதில் சற்றுத் தளர்வாகவும் தோன்றும். கருவியின் நீளத்தை அறியாமல் தந்தி வாங்குவது, காலின் அளவை அறியாமல் செருப்பு வாங்குவதைப் போன்றது.

இந்த 0.025 மில்லிமீட்டர் வேறுபாட்டை எந்தக் கண்ணால் காண்பது? நிக்கல் பூச்சின் தரத்தை எந்தப் பெற்றோர் சோதிக்க இயலும்? உறையில் அச்சிட்டிருப்பதை நம்புவதைத் தவிர வாங்குபவருக்கு வழியில்லை. ஆகவே உறை என்பது வெறும் அலங்காரமன்று. விற்பவர் சார்பில் சொல்லப்படும் சாட்சியம். புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலித் தந்திகள் உலகெங்கும் உலவுவதும் இந்த நம்பிக்கையைச் சுரண்டித்தான்.

நம் கடலோரத்தில் உறைக்கு இன்னொரு கடமையும் உண்டு. தேங்காப்பட்டினம் கடற்காற்று புதுக்கடைக்குத் தொலைவானதன்று. இரண்டு பருவமழைகளும் நம் மாவட்டத்திற்கு வருகின்றன. காற்றின் ஈரமும் உப்பும் எஃகின் பகைவர்கள். மெல்லிய தந்திகளின்மேல் உள்ள வெள்ளீயப் பூச்சில் சிறு குறை இருந்தாலும் அங்கே துரு தொடங்கிவிடும். இதனாலேயே டி'அடாரியோ, எர்னி பால் போன்ற நிறுவனங்கள் காற்றுப் புகாத உள்ளுறைக்குள் தந்திகளை அடைக்கின்றன. எலிக்சர் போன்றவை தந்தியின் மேலேயே மெல்லிய பாலிமர் படலம் பூசுகின்றன. விலை கூடுதல், ஆயுளும் கூடுதல். மலிவான செட்டுகளில் தாள் உறையும் மெல்லிய பிளாஸ்டிக்கும்தான் காவல். பிளாஸ்டிக் பிளந்தால் தாள் ஈரத்தை உறிஞ்சித் தந்தியோடு ஒட்டிவைத்திருக்கும்.

இப்போது மச்சானின் கேள்விக்கு வருகிறேன். நனைந்த தானியத்தை வைத்திருந்தவர் ஒவ்வொரு மணியையும் எண்ணிப் பார்த்தவர் அல்லர். மழை பெய்தது என்பது அவருக்குத் தெரியும்; அதுவே அவரைப் பொறுப்பாளி ஆக்கியது. நம்மவருக்கும் பெட்டி நனைந்தது தெரியும். எட்டில் ஐந்து பழுதென்றும் தெரியும். இதற்குப் பின் "திறக்கவில்லை, ஆகவே தெரியாது" என்பது அறியாமையாகாது, அறிய மறுப்பதாகும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை விளக்கிவிட்டால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது நீக்கப்படும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் நபிமொழி உள்ளது. அங்கே இருவருமே குறிப்பிடப்படுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏனெனில் வாங்குபவரின் சோதனையும் அதே வாரம் எங்கள் வீட்டில் நிகழ்ந்தது. என் மகன் இணையத்தில் ஒரு செட் வாங்கியிருந்தான். முதல் தந்தியில் துரு. அதைக் கண்டபின்னும் மற்ற ஐந்தையும் கிட்டாரில் மாட்டி வாசித்துவிட்டான். பிறகு, "வாப்பா, உறையில் போட்டு முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கப் போகிறேன், அவர்கள் பார்க்கவா போகிறார்கள்?" என்றான். மாமாவின் 52 உறைகளுக்கும் இந்த ஓர் உறைக்கும் வேறுபாடில்லை. இரண்டிலும் உள்ளே இருப்பதை மறைத்தே பணம் கேட்கப்படுகிறது.

நம் கடலோர ஊர்களில் பலரும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு அழகிய சட்ட விளக்கம் இருக்கிறது. விற்கும் முன்பே இருந்த மறைவான குறை வெளிப்பட்டால், வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம். உடைத்தால்தான் குறை தெரியும் என்ற பொருள்களுக்கு இமாம் நவவீ அவர்கள் தம் மின்ஹாஜில் முட்டையையும் தேங்காயையும் காட்டுகிறார்கள். குறையை அறியத் தேவையான அளவு உடைத்தது திருப்பித் தருவதைத் தடுக்காது. தென்னை சூழ்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான உவமை வேண்டுமா? உறையைக் கிழித்ததால் உரிமை போய்விட்டது என்று சொல்லும் விற்பனையாளர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால் குறையைக் கண்டபின்பும் பொருளைப் பயன்படுத்தியவர் அதற்கு இசைந்தவராகவே கருதப்படுவார். என் மகனின் நிலை அதுவே. நடந்ததை நடந்தபடி விற்பனையாளருக்கு எழுதுமாறு சொன்னேன், எழுதினான். அவர்கள் எதுவும் தரவில்லை. தனித் தந்தி ஒன்றை விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டான். முகம் சற்று வாடியிருந்தது, அதில் தவறில்லை.

நாட்டின் சட்டமும் இதற்கு வெகுதொலைவில் இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளை இரசீதில் குறித்த காலத்திற்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. இரசீது தராததும் அவ்வாறே. உறையின்மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலையும், புகாருக்கான தொடர்பும் இருக்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதி. இவை இல்லாத உறையை வாங்காதீர்கள். தீராத குறைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. திறக்கும்போதே கைப்பேசியில் படமெடுத்து வைப்பது இரு தரப்பையும் வீண் ஐயத்திலிருந்து காக்கும்.

இங்கே ஒரு நியாயமான முறையீடு உண்டு. மேலே இருக்கும் பெரிய வியாபாரி கைகழுவிவிட, நட்டத்தை அடிமட்டக் கடைக்காரர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? மறுவிற்பனைக்கு வாங்குபவர் நுகர்வோர் சட்டத்தின் நிழலில் வரமாட்டார். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் அவருக்கு, பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு உண்டு என்கிறது. ஆகவே நனைந்த பெட்டியைக் கையொப்பமிட்டு வாங்கும்முன் அந்த நனைவை எழுதி வைப்பதும், அனுப்பியவரிடம் எழுத்தில் கேட்பதும் நம் கடைக்காரர்கள் பழக வேண்டியவை. நட்டத்தை மேலே திருப்பப் போராடுவது நம் உரிமை. கீழே இருப்பவர் தலையில் மறைத்து இறக்குவதற்கு உரிமை இல்லை.

மச்சான் இறுதியில் செய்தது இதுதான். 60 செட்டுகளையும் ஒரு தட்டில் வைத்து, "மழையில் நனைந்த பெட்டி. இங்கேயே திறந்து பார்த்து வாங்கலாம். விலை பாதி" என்று அட்டையில் எழுதி மாட்டினார். 400 ரூபாய்க்கு விற்க வேண்டியதை 200க்குக் கொடுத்தார். பாடகர் குழுப் பிள்ளைகள் மேசையிலேயே திறந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தார்கள். 41 செட்டுகள் போயின. துரு மிகுந்த 19ஐ ஒதுக்கிவிட்டார். 7,400 ரூபாய் நட்டம். மறுமாதம் வியாபாரம் பெருகி அந்நட்டம் ஈடாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. அனுப்பியவரோடு வழக்காடல் இன்னும் தொடர்கிறது. ஆயினும் அந்த இரவுக்குப் பின் அவர் என்னிடம் அந்தக் கேள்வியை மீண்டும் கேட்கவில்லை.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளை கிட்டார் தந்தி வாங்கினாலும், பெருநாள் சட்டை வாங்கினாலும், பொருளைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுப்பதோடு, குறையைச் சொல்லவும் குறையை மறைக்காதிருக்கவும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். வியாபாரம் செய்யும் சகோதரர்கள் தம் கடையில் நனைந்தது எதுவோ அதை மேலே எடுத்து வையுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கல்களில் உண்மையையும், அதனால் வரும் நட்டத்தைத் தாங்கும் பொறுமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.