எதிர்வாதம் இல்லாத தீர்ப்பு எதற்கு?

கொடூரமான குற்றம் நடந்து நாடே கொதித்துப் போயிருக்கும் நாட்களில், "இவனுக்காக எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது" என்ற குரல் தவறாமல் எழுகிறது. சில ஊர்களில் வழக்கறிஞர் சங்கங்களே கூடி அப்படித் தீர்மானம் போட்டுவிடுகின்றன. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், அந்தக் கோபம் கேட்கும் பரிகாரம் பாதிக்கப்பட்டவர்களுக்கே கேடாக முடியும். போலீஸ் சொல்வதை எதிர்த்துக் கேட்க ஆளில்லாத வழக்கில் தண்டனை எளிதாகக் கிடைக்கும். அந்தத் தண்டனை உண்மையான குற்றவாளியின் மீதுதான் விழுந்தது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இருக்காது. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் செய்யும் வேலை அந்த உத்தரவாதத்தை உண்டாக்குவதுதான். அவர் காப்பாற்றுவது தன் கட்சிக்காரரை மட்டுமல்ல, தீர்ப்பின் நம்பகத்தையும்.

தமிழகம் மறக்க முடியாத வழக்கிலிருந்தே இதைப் பார்க்கலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. விசாரணை நடந்தது தடா சட்டத்தின் கீழ். உயர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க இடம் கொடுத்த சட்டம் அது. மேல்முறையீட்டில் ஏறத்தாழ எல்லோருக்காகவும் வாதாடியவர் சென்னையின் மூத்த குற்றவியல் வழக்கறிஞர் என். நடராஜன். 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேரின் தூக்கை உறுதிசெய்தது. மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. மீதி 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. முன்னாள் பிரதமரைக் கொன்ற வழக்கில் வாதாட யாரும் முன்வராமல் இருந்திருந்தால், கொலைக் குற்றம் நிரூபிக்கப்படாத 19 பேரும் தூக்கு மேடை ஏறியிருக்கக் கூடும்.

தவறான தண்டனை, பாதிக்கப்பட்டவரையும் இரண்டாம் முறை ஏமாற்றுகிறது. 2003இல் மகாராஷ்டிரத்தின் நாசிக் அருகே ஒரு குடும்பத்தினர் கொல்லப்பட்டனர். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்கள் ஆறு பேர் பிடிபட்டனர். 2009இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர்கள் விடாமல் போராடியதால் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டு, 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலைக்கு ஐந்து லட்ச ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார் என்பதும், அவர்கள் மீது விசாரணையே நடக்கவில்லை என்பதும் அப்போதுதான் எடுபட்டன. பதினாறு ஆண்டுகள் அந்த ஆறு பேர் சிறையில் கிடந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கோ அத்தனை ஆண்டுகளிலும் நீதி கிடைக்கவில்லை. முதல் விசாரணையிலேயே இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக் குறுக்கு விசாரணை செய்திருந்தால், போலீஸ் அந்த நான்கு பேரைத் தேடவாவது வேண்டியிருந்திருக்கும்.

"சந்தேகத்துக்கே இடமில்லாத குற்றவாளிக்கு எதற்கு வக்கீல்?" என்று கேட்பார்கள். மும்பைத் தாக்குதலில் கையும் களவுமாகப் பிடிபட்ட அஜ்மல் கசாபைவிடத் தெளிவான வழக்கு இருக்க முடியாது. அவனுக்கும் கீழ் நீதிமன்றம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை வழக்கறிஞர்கள் நியமிக்கப்பட்டார்கள். அதனால் அவன் தப்பிவிடவில்லை, 2012இல் தூக்கிலிடப்பட்டான். இந்தியா நேர்மையாகத்தான் விசாரித்தது என்பதை உலகம் ஏற்க அந்த எதிர்வாதமே காரணம். அதே வழக்கில் சதிக்கு உடந்தை என்று நிறுத்தப்பட்ட இந்தியர் இருவரை, அவர்கள் தயாரித்ததாகச் சொல்லப்பட்ட வரைபடம் பற்றிய சாட்சியம் நம்பும்படி இல்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. உச்ச நீதிமன்றம் வரை அந்த விடுதலை நிலைத்தது. குற்றவாளி யார், சந்தேகத்தின் பேரில் சேர்க்கப்பட்டவர் யார் என்று பிரித்துக் காட்டியது விசாரணைதான். விசாரணைக்கு முன்பே அது தெரியும் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

பணம் உள்ளவன் பெரிய வக்கீலை வைத்துத் தப்பிக்கிறான் என்ற குறை உண்மையானது, அலட்சியப்படுத்தக் கூடாதது. ஆனால், அந்த ஏற்றத்தாழ்வுக்கு மருந்து, ஏழைக்கும் திறமையான வழக்கறிஞரைத் தருவதுதான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அரசு தரும் வழக்கறிஞரை விட்டால் வேறு கதியில்லாதவர்கள் அவர்களில் ஏராளம். மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் 2013இல் ஒருவருக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு பதிவாகி, இரண்டு வாரத்துக்குள் தூக்குத் தண்டனையும் வந்துவிட்டது. வேகமான நீதி என்று பாராட்டத் தோன்றும். 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தூக்கு அல்லது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் நியமிக்கப்படுபவருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும், தயாராகப் பொதுவாக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் விதித்தது. அவசரத்தால் நேரம் மிச்சமாகவில்லை. வழக்கு மறுபடியும் முதலிலிருந்து நடக்க வேண்டியதாயிற்று.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. விரும்பிய வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு தருகிறது. இலவச சட்ட உதவியை 39ஏ பிரிவு அரசின் கடமையாக்குகிறது. தன் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வேண்டும் என்கின்றன இந்திய பார் கவுன்சில் விதிகள். கோவையில் குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர்கள் போட்ட தீர்மானத்தைப் பற்றி 2010இல் பேசிய உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை என்று அறிவித்தது. ஆகவே, சங்கங்கள் அவற்றைக் கைவிட வேண்டும். வெறுக்கப்படும் கட்சிக்காரருக்காக நிற்கும் உறுப்பினரை மிரட்டலிலிருந்து காக்க வேண்டும். முழுநேர சட்ட உதவி வழக்கறிஞர்களை நியமிக்கும் திட்டம் 2022 முதல் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு அரசு வழக்கறிஞருக்கு நிகரான ஊதியமும், கைது நடந்த முதல் நாளிலிருந்தே கைதியைச் சந்திக்கும் வசதியும் அரசு தர வேண்டும். நமக்கு வேண்டாதவருக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்புதான், பொய் வழக்கு நம் வீட்டுக் கதவைத் தட்டும் நாளில் நமக்கும் கிடைக்கும்.