பியூஸ் செய்த குற்றம் என்ன?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடியாபட்டி, அரிமளம், ராயவரம் போன்ற ஊர்களில், ஆண்டில் பல மாதம் பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகள் உண்டு. கல்யாணமோ கோயில் திருவிழாவோ வந்தால்தான் கதவு திறக்கும். அப்போது கொட்டகையில் உறங்கும் பழைய அம்பாஸிடரையும் எழுப்புவார்கள். வங்காளத்து உத்தர்பாராவில் உருவாகி, 2014-இல் உற்பத்தி நின்றுவிட்ட அந்த வண்டி எளிதில் சாகாது. ஆனால் விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் பியூஸ் போய்விடும். "சிகரெட்டுப் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வையுங்கள்!" என்று யோசனை சொல்லும் புத்திமான் எந்த ஊரிலும் உண்டு.

அவர் சொல்லைக் கேட்க வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள். மோட்டார் வண்டியில் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி, வண்டியின் இரும்பு உடம்புதான். 12 வோல்டில் எரியும் 21 வாட் பல்பு இரண்டு ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். மேலுறை கிழிந்த கம்பி இரும்பைத் தொட்டாலோ, நூறு ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். பியூஸ் உருகினால் அதோடு தொல்லை தீர்ந்தது. ஈயத்தாள் உருகாவிட்டால் கம்பி பழுக்கும். பெட்ரோல் வண்டியில் அதன் விளைவைச் சொல்ல வேண்டுமா?

ஷார்ட் எங்கே என்று கண்டுபிடிக்க எளிய உபாயம் உண்டு. பியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 21 வாட் பல்பு ஒன்றை இணைக்க வேண்டும். அந்த வரிசையிலுள்ள மற்றப் பல்புகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவற்றின் வழியாகவும் மின்சாரம் ஓடி நம்மை ஏமாற்றும். பிறகு ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். சோதனைப் பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. பல்பே மின்சாரத்தை மட்டுப்படுத்துவதால் கம்பிக்கு ஆபத்தில்லை.

இனி வழியிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம். பிரித்ததும் பல்பு அணைந்தால் குறை அதற்கு அப்பால்; அணையாவிட்டால் இப்பால். கம்பியை மெல்ல அசைக்கும்போது பல்பு மினுக்கினால் அந்த இடமே இடம். பெரும்பாலும் அது தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்த இடமாகவோ, டிக்கிக் கதவின் கீல் அருகிலோ, எலி பல் பதித்த மூலையிலோ இருக்கும்.

கிழிந்த துண்டுக்குப் புதுக் கம்பியும், துளைக்குப் புது ரப்பர் வளையமும் போட்ட பிறகே பியூஸைப் பொருத்த வேண்டும். அதுவும் குறித்த ஆம்பியர் அளவிலேயே. அதன் விலை அற்பம். அதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் நாம் அறிந்தவரையில் வேறில்லை.