ஒரு பூனையின் மிச்ச நாட்கள்

முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை நிலையத்தை அடுத்த தெருக்களில் பூனைகளுக்குக் குறைவில்லை. மீன்காரர் குரல் கேட்டதும் மதில்மேல் வரிசையாக வந்து அமர்பவை அவை. ஒரு மழைக்கால இரவில் அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து சுருண்டது. எலும்பும் தோலுமான கடுவன். விரட்டினாலும் எழுந்தோட வலுவில்லை. தமிழ் படித்த பழக்கதோஷத்தில் காட்டுப்பூனைக்குரிய பழம்பெயரை அதற்கு இட்டு, 'வெருகன்' என்று அழைக்கத் தொடங்கினோம்.

வெளிறிய ஈறுகளைப் பார்த்த கால்நடை மருத்துவர் இரத்தத்தைச் சோதித்தார். பூனை இரத்தப்புற்று வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. ஒரே சோதனையை நம்பிவிடக் கூடாது, சில பூனைகளின் உடல் இவ்வைரஸைத் தானே அடக்கிவிடுவதும் உண்டு என்று சொல்லி, சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதித்தார். முடிவு மாறவில்லை.

பெயர்தான் இரத்தப்புற்று. எல்லாப் பூனைக்கும் புற்று வருவதில்லை. இரத்தசோகையும், எதிர்ப்பாற்றல் குன்றியதால் ஓயாமல் வந்துபோகும் தொற்றுகளுமே பலவற்றை வாட்டுகின்றன. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தொற்று நிலைபெற்றுவிட்ட பூனைகளில் பெரும்பாலானவை கண்டறியப்பட்ட மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன. அதையும் தாண்டி வாழ்பவையும் உள்ளன.

செய்தி பரவியதும் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, "வந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்." மற்றொன்று, "ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள், அதற்கும் நிம்மதி." இரண்டையும் சொன்னவர்கள் நல்லவர்களே. ஆயினும் இரண்டுமே தவறு என்பது எங்கள் கருத்து.

முதல் யோசனை கருணைபோலத் தோன்றும் கொடுமை. இவ்வைரஸ் எச்சில் வழியே பரவுகிறது: ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும்போதும், ஒரே கிண்ணத்தில் உண்ணும்போதும், கடித்துச் சண்டையிடும்போதும். தாயிடமிருந்து குட்டிக்கும் போகிறது. குட்டிகளே எளிதில் பலியாகின்றன. இங்கே பூனைகளுக்கு வழக்கமாகப் போடப்படும் மூன்று நோய்த் தடுப்பூசியில் இதற்கான காப்பு கிடையாது. வெருகனைத் தெருவில் விட்டால் அவனும் சாவான், மதில்மேல் அமரும் மற்றவையும் சாகும். மனிதருக்கோ நாய்க்கோ இது தொற்றுவதில்லை. உடலைவிட்டு வெளியே வந்த வைரஸ் நெடுநேரம் தாங்குவதுமில்லை, சோப்பு நீரிலேயே அழிந்துவிடும். ஆகவே அவனை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில் எங்களுக்கு ஆபத்தில்லை. வெளியே விடுவதில்தான் ஆபத்து.

இரண்டாவது யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரே வீட்டுப் பூனைகள் அடுத்தடுத்துப் புற்றுக்கு ஆளானதைக் கவனித்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட்டும் அவர் குழுவினரும் இவ்வைரஸை 1964இல் கண்டறிந்தனர். 1970களில் சோதனை முறை வந்தபின், தொற்றுள்ளது என்று தெரிந்தாலே, நலமாயிருக்கும் பூனையையும் கொன்றுவிடும் வழக்கம் மேலைநாடுகளில் பரவியது. பின்னர் அந்தச் சிந்தனை மாறிற்று. சோதனை முடிவை மட்டும் வைத்துக் கொல்லலாகாது என்பதே அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கம் 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளின் நிலைப்பாடு. அவர்கள் கைவிட்ட பழைய வழக்கத்தை நாம் இன்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

நோயுற்ற பூனைக்கு நல்வாழ்வு தருவதில் பெரிய இரகசியம் எதுவுமில்லை. ஜன்னல்களுக்கும் பால்கனிக்கும் கம்பிவலை அடித்தோம். விதையடிப்பு செய்வித்தோம். கிண்ணமும் மணல்தட்டும் அவனுக்கென்று தனி. எதிர்ப்பாற்றல் இல்லாத உடலுக்குப் பச்சை மீனும் பச்சைக் கறியும் ஆகாது என்பதால், உப்பில்லாமல் வேகவைத்த மத்தி. பாலை நிறுத்தினோம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. உண்ணி, தெள்ளுப்பூச்சிக்கு மருந்து. ஆறு மாதத்துக்கொருமுறை மருத்துவரிடம். ஞாயிறுதோறும் அவனைத் தூக்கிக்கொண்டு எடை பார்ப்போம். பிறகு எங்கள் எடையைக் கழிப்போம். நூறு கிராம் குறைந்தால் அன்று வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

எங்களை உறுத்திய கேள்வி ஒன்றுண்டு. தெருவெல்லாம் சுற்றித் திரிந்த ஒன்றை நான்கு சுவர்களுக்குள் அடைப்பது நல்வாழ்வா? முதல் சில வாரங்கள் அவன் இரவெல்லாம் கதவருகே நின்று கத்தினான். அவன் சுதந்திரத்தை நாங்கள் பறித்தோம் என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கு ஈடாகத் தரக்கூடியதைத் தருகிறோம்: ஏறி அமர அலமாரியின் உச்சி, பார்க்க அணில்களும் மைனாக்களும் வந்துபோகும் ஒரு ஜன்னல், மாலையில் துரத்த ஒரு நூற்கண்டு. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லமாட்டோம். மற்ற பூனைகளின் உயிருக்காக அவன் கொடுக்கும் விலை அது. அவனைக் கேளாமல் நாங்கள் முடிவு செய்தது.

மனிதக் குழந்தைகளே மருத்துவமின்றி வாடும் நாட்டில் ஒரு பூனைக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பூனையைக் கைவிடுவதால் மிச்சமாகும் பணம் எந்தக் குழந்தையிடமும் தானாகப் போய்ச் சேர்வதில்லை. இதில் பெரிதும் செலவாவது பணமல்ல, கவனம். கவனம் பழகப் பழகப் பெருகும். நலிந்த உயிரொன்றின் ஈறின் நிறத்தைத் தினமும் பார்க்கப் பழகியவர்கள், பக்கத்து வீட்டு முதியவர் இரண்டு நாளாக வெளியே வராததையும் கவனிக்கிறார்கள். இது எங்கள் அனுபவம்.

முடிவைப் பற்றியும் பேசியிருக்கிறோம். உணவை முற்றாக மறுத்து, மூச்சுக்குத் திணறி, மருந்தும் கைவிடும் நாள் வந்தால், அன்று ஊசி போடச் சொல்வோம். அதை இன்றே செய்வதற்கும் அன்று செய்வதற்கும் இடையே உள்ள நாட்கள் அவனுடையவை. தன் நோயின் பெயரை அவன் அறியமாட்டான். இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது எங்கள் கவலை. ஜன்னலில் என்ன வந்து அமர்ந்திருக்கிறது என்பது அவன் கவலை.

பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனையைத் தன் அவையடக்கத்தில் வைத்தார் கம்பர். இராமகதையின் முன் தன் முயற்சியின் சிறுமையைச் சொல்ல அவருக்கு அது உதவியது. தெருப்பூனைகளின் துயரமும் கடல்தான். முத்தாபுதுப்பேட்டையின் ஒரு வீட்டில் ஒரு கிண்ணத்தை நிரப்புவதால் அது வற்றப்போவதில்லை. வெருகன் எங்களிடம் வந்து இது இரண்டாம் ஆண்டு. சென்ற ஞாயிறு எடை குறையவில்லை.