கன்னாபிடியாலும் முன்னாள் படைவீரர் வலியும்: ஓர் எதிர்வினை

வேளச்சேரி, பரங்கிமலை, தாம்பரம் வட்டாரத்தில் வாழும் முன்னாள் படைவீரர்களின் நாள்பட்ட வலிக்கு, அதாவது மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் வலிக்கு, கஞ்சாச் செடியிலிருந்து பிரிக்கப்படும் போதை தராத சேர்மமான கன்னாபிடியாலைச் சோதனையின்றியே வழங்கலாம் என்றும், சித்த மருத்துவம் அச்செடியை நெடுங்காலம் கையாண்டதே போதிய சான்று என்றும் வாதிடப்படுகிறது. மரபு கையாண்டது சுத்தி செய்து பிற சரக்குகளோடு கூட்டிய செடியின் பாகங்களையே. தனித்தெடுத்த ஒற்றைச் சேர்மத்தை அன்று. ஒன்றின் நற்பெயரை மற்றொன்றின் கணக்கில் எழுதுவது மரபுக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது.

2018இல் அமெரிக்கா கன்னாபிடியாலுக்கு ஒப்புதல் அளித்தது அரிய வகை வலிப்பு நோய்களுக்கே (வலிப்பு வேறு, வலி வேறு). பிரிட்டனின் 2019 வழிகாட்டுதலோ, மருத்துவச் சோதனைக்கு வெளியே நாள்பட்ட வலிக்கு அதைத் தர வேண்டாம் என்றது. வலியின் அளவை 0 முதல் 10 வரை நோயாளியே சொல்வதால், மருந்தற்ற எண்ணெயை அதே நிறத்திலும் சுவையிலும் நாவின்கீழ்ச் சொட்டினாலும் அந்த எண் இறங்கக்கூடும்; ஆகவேதான் யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாத ஒப்பீடு தேவைப்படுகிறது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்ளும் முதியவரிடத்தில், அம்மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைக் கன்னாபிடியால் தடுத்து, இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கவும் கூடும்.

சட்டம் சோதனைக்கு இடந்தராது என்பதும் சாக்குதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு விலக்களிக்கிறது, ஜம்முவிலுள்ள மத்திய அரசு ஆய்வகம் உரிமம் பெற்றே அச்செடியை வளர்க்கிறது.