50 ஆயிரத்துக்கு நாஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



"ப்ரோ, ஸ்டோரேஜ் ஃபுல்லுனு கூகுள் தினமும் நச்சரிக்குது. மாசாமாசம் வாடகை மாதிரி கட்டுறதுக்குப் பதிலா ஒரேடியா ஒரு நாஸ் வாங்கிப் போட்டுடலாமா?" எஸ்ஐபி பத்தி வீடியோ போட்டாலும் சரி, வீட்டுக்கடன் பத்தி போட்டாலும் சரி, யாராவது ஒருத்தர் இதைக் கேட்டுடுறாங்க. என் பதில்: உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல என் கதை. 2015 டிசம்பர்ல நாங்க வேளச்சேரியில தரைத்தள வாடகை வீட்டுல இருந்தோம். தாத்தாவோட எண்பதாம் கல்யாண வீடியோ, அக்கா கல்யாண போட்டோ, அப்பா எடுத்த பழைய டிஜிட்டல் கேமரா படங்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்தது. நான் அப்பவே உஷார் பேர்வழி, இன்னொரு டிஸ்க்ல காப்பியும் போட்டு வச்சிருந்தேன். ஆனா ரெண்டையும் ஒரே பீரோவோட அடித்தட்டுல வச்சேன். ராத்திரி தண்ணி ஏறினப்ப மாடிக்குத் தூக்கிட்டு ஓடினது கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் அம்மாவோட மாத்திரை டப்பாவும்தான். தண்ணி வடிஞ்சு பீரோவைத் திறந்தா ரெண்டு டிஸ்க்கும் சேறு. ரெகவரி கடையில 40 ஆயிரம் கேட்டாங்க, கேரண்டி கிடையாதுனும் சொன்னாங்க. அப்ப என் சம்பளம் 22 ஆயிரம். விட்டுட்டேன். தாத்தா குரல் இருந்த வீடியோ அது ஒண்ணுதான்.

இப்ப நாஸுக்கு வருவோம். நாஸ்னா வேற ஒண்ணுமில்ல, வீட்டு ரவுட்டரோட இணைச்சு 24 மணி நேரமும் ஓடுற ஒரு சின்ன கம்ப்யூட்டர், அதுக்குள்ள ரெண்டு ஹார்ட் டிஸ்க். ரெய்டு 1னு செட் பண்ணா ஒரு டிஸ்க்ல எழுதுறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதப்படும். ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொண்ணு தாங்கும். இதைக் கேட்டதும் நிறைய பேர் "அப்ப ரெண்டு காப்பி இருக்கு, பேக்கப் முடிஞ்சது"னு நினைச்சுக்கிறாங்க. இல்லைங்க. தெரியாம ஒரு ஃபோல்டரை அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் சேர்ந்தே அழியும். பெட்டி திருடுபோனா ரெண்டும் போகும். தண்ணி வந்தா ரெண்டும் போகும். என் பீரோவோட அடித்தட்டுதான் அது, கொஞ்சம் விலை கூடின அடித்தட்டு.

இன்டர்நெட்ல திறந்து விட்டா இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2021 ஏப்ரல்ல க்யூலாக்கர்ங்கிற ரான்சம்வேர், க்யூநாப் நாஸ் வச்சிருந்தவங்க ஃபைல்களைப் பூட்டி பிட்காயின் கேட்டது. அதே வருஷம் ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட மை புக் லைவ் பெட்டிகள் பல, உலகம் பூரா தூரத்துல இருந்தே ஃபேக்டரி ரீசெட் ஆகி, உள்ள இருந்ததெல்லாம் காலி. அப்டேட் போடுறது, பாஸ்வேர்ட் பாத்துக்கிறது, டிஸ்க் ஹெல்த் செக் பண்றது எல்லாம் இனிமே உங்க வேலை. ஞாயித்துக்கிழமை துணி காயப்போடவே நேரம் இல்லைங்கிறவங்க இதைச் செய்வீங்களா?

சரி, கணக்கு. ரெண்டு டிஸ்க் போடுற பெட்டி ஏறக்குறைய 22 ஆயிரம், 4 டிபி டிஸ்க் ஒண்ணு 11 ஆயிரம் வீதம் ரெண்டு, கரண்ட் கட்டுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் 4 ஆயிரம்னு வச்சுக்குவோம். 48 ஆயிரம் ஆச்சு. 20 வாட் இழுத்தா மாசம் 14 யூனிட், ரெண்டு மாச பில்லுல 28 யூனிட். 5 வருஷத்துக்கு இதுவே 6 ஆயிரம் வரைக்கும் போகலாம். (ஏசி போட்டு ஏற்கெனவே 490 யூனிட்ல நிக்கிற வீடா இருந்தா இன்னும் ஜாக்கிரதை. 500-ஐத் தாண்டினா கீழ இருக்கிற யூனிட்டுக்கும் ரேட் மாறும்.) ஆக 54 ஆயிரம். இவ்வளவும் செஞ்ச பிறகும் வீட்டுக்கு வெளியில ஒரு காப்பி இன்னும் இல்லை.

இந்தப் பக்கம், நான் கூகுள்ல 200 ஜிபி பிளானுக்கு வருஷம் 2,100 கட்டுறேன். 5 வருஷத்துக்கு 10,500. குடும்பத்துல இன்னும் 5 பேர் வரை இதைப் பகிர்ந்துக்கலாம், ஒருத்தர் போட்டோ இன்னொருத்தருக்குத் தெரியாது. கூடவே 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டு, 13 ஆயிரம். மொத்தம் 23,500. 200 ஜிபி பத்தாதுனு 2 டிபி பிளானுக்கே போனாலும் வருஷம் 6,500 வீதம் 32,500, டிஸ்க் சேர்த்து 45,500. அப்பவும் நாஸைவிடக் கம்மி. விலையெல்லாம் மாறும், நீங்க வாங்குற அன்னிக்கு ஒருதடவை போட்டுப் பாருங்க. ஆனா 'நோ காஸ்ட் இஎம்ஐ'னு பாத்து ஆசைப்பட்டு இந்தக் கணக்கைப் போடாம விட்டுடாதீங்க.

க்ளவுட் மட்டும் போதுமானு கேட்டா, போதாது. கூகுள் போட்டோஸ்ல இலவச அன்லிமிடெட் 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சது, அதை நம்பி இருந்தவங்க எல்லாரும் வசமா மாட்டினோம். அக்கவுன்ட்டை 2 வருஷம் தொடாம விட்டா அழிக்கிற உரிமையையும் கூகுள் வச்சிருக்கு. அதைவிட முக்கியம், அது சிங்க். போன்ல இடம் பத்தலைனு அம்மா ஆப்ல இருந்து போட்டோவை அழிச்சா, க்ளவுட்லயும் போயிடும். 60 நாள் குப்பைத்தொட்டியில இருக்கும், அப்புறம் இல்லை. அதனாலதான் கையில ஒரு டிஸ்க் வேணும்ங்கிறேன்.

3-2-1னு ஒரு விதி உண்டு. பீட்டர் க்ரோ என்ற போட்டோகிராபர் பிரபலப்படுத்தினது. மூணு காப்பி, ரெண்டு வகையான இடம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. போன், க்ளவுட், டிஸ்க்னு வச்சாலே கணக்கு முடிஞ்சது. இதுக்கு நாஸ் தேவையே இல்லை.

ஒண்ணு ஒத்துக்கணும், என்கிட்ட நாஸ் இருக்கு. சேனல் ஃபுட்டேஜுக்காக வாங்கினேன். ஐபோன்ல 4கே 60 எஃப்பிஎஸ்ல எடுத்தா நிமிஷத்துக்கு 400 எம்பி போகுது, அதை க்ளவுட்ல ஏத்தி மாளாது. நீங்க கல்யாண வீடியோ எடுக்கிறவரா, 3 டிபிக்கு மேல இருக்கா, குழந்தை போட்டோ எந்த கம்பெனி சர்வர்லயும் இருக்கக் கூடாதுங்கிறதுல உறுதியா இருக்கீங்களா, தாராளமா வாங்குங்க. அதுல நான் குறுக்க நிக்க மாட்டேன். மத்தவங்க முதல்ல உங்ககிட்ட எவ்வளவு இருக்குனு பாருங்க. எங்க வீட்டுல 90 ஜிபினு பயந்தோம். வாட்ஸ்அப்ல வந்த ரோஜாப்பூ குட்மார்னிங்கையும் ஒரே மாதிரி 14 செல்ஃபியையும் கழிச்சா 50 கூட இல்லை.

இன்னொரு விஷயம், இதுக்கு ஒரு பைசா செலவில்லை. பேங்க் அக்கவுன்ட்டுக்கு நாமினி போடுங்கனு உங்ககிட்ட எத்தனை தடவை கத்தியிருப்பேன். கூகுள்லயும் அது உண்டு. இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்னு இருக்கும், 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரை நீங்க வச்ச கெடுவுல அக்கவுன்ட் அசையலைனா நீங்க சொன்ன ஆளுக்குத் தகவல் போகும், எதெல்லாம் எடுத்துக்கலாம்னும் நீங்களே குறிக்கலாம். ஆப்பிள்ல லெகசி கான்டாக்ட்னு பேர். என் நண்பர் ஒருத்தரோட அப்பா திடீர்னு இறந்தப்ப போன் பின் யாருக்கும் தெரியலை. பணம், பாலிசி எல்லாம் எப்படியோ கண்டுபிடிச்சாங்க. போன்ல இருந்த படங்கள் இன்னிக்கு வரைக்கும் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னாடிதான் இருக்கு. டர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்த அன்னிக்கே இதையும் செஞ்சுடுங்க, பத்து நிமிஷ வேலை.

எங்க வீட்டு ஏற்பாடு இப்ப இதுதான். ஒரு டிஸ்க் என்கிட்ட, ஒண்ணு திருச்சியில அக்கா வீட்டுல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுசா காப்பி போட்டதைக் கொடுத்துட்டுப் பழசை வாங்கிட்டு வருவேன். வாங்கினதும் அங்கயே லேப்டாப்ல செருகி பத்து படமாவது திறந்து பாப்போம், பேக்கப் இருக்குனு நம்பி உக்காந்திருக்கிறதுல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. அக்கா வீடும் தரைத்தளம்தான். டிஸ்க்கைப் பரண்ல வைக்கச் சொல்லியிருக்கேன்.